டீக்கன் கொடுத்த வாக்கு

என் தம்பி ஹார்லன் சபை நடுவே எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னானே, போன வாரம் அங்கேதான் நிறுத்தினேன். அதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

அதைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹார்லன் கிங்ரிச், எளிய வாழ்க்கைக் கிறிஸ்தவர்களான எங்கள் மெனோனைட் சபையின் டீக்கன், அதாவது பிஷப்புக்குத் துணை ஊழியக்காரன். பிழைப்புக்குப் பன்றிப் பண்ணை. அவன் ஒரே மகள் ட்வைலா, மிசிசிப்பி ஆற்றுக்கு அந்தப் பக்கம் நேபோ கல்லூரியில் இரண்டு வருடக் கலைப் படிப்பு படிக்கிறாள். கிறிஸ்தவக் கல்லூரி என்பதால்தான் அனுப்பினான். வேத பாடம், சரித்திரம், இலக்கியம், உயிரியல், சங்கீதம், தத்துவம் என்று எல்லாம் உண்டு. வருகிற மே மாதம் பட்டம்.

இதற்கு நடுவில், எங்கள் சபைப் பள்ளிக்கூடத்து டீச்சர் லோயிஸ், அப்பாவுக்குப் பக்கவாதம் என்று மிசூரிக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க ஆள் இல்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் ஹார்லன் எழுந்தான். "எங்க ட்வைலா சம்மதிச்சுட்டா. திங்கட்கிழமையிலேர்ந்து அவ பாடம் எடுப்பா" என்றான்.

அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் ஜனங்களில் சபை ஒருவரை அழைத்தால் மாட்டேன் என்று சொல்கிற வழக்கம் இல்லை. எப்படியும் சரி என்றுதான் சொல்லப் போகிறாள், கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன என்று நினைத்துவிட்டான் தடியன்.

நான் ஓர்ஃபா. அவனுடைய அக்கா. கல்யாணம் ஆகவில்லை. அவன் வீட்டு முற்றத்தைத் தாண்டினால் என் வீடு. நான் அங்கே போகாத நாள் கிடையாது, அதற்காக அவன் முணுமுணுக்காத நாளும் கிடையாது.

சனிக்கிழமை காலையும் போனேன். அன்று மத்தியானம் ஆலோசனைக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து என்றால் முந்தின நாள் சபையார் எல்லாரும் கூடி, ஒவ்வொருவராக எழுந்து, "எனக்குத் தேவனோடும் மனுஷரோடும் சமாதானம் இருக்கிறது, திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். ஒருவருக்குச் சமாதானம் இல்லாவிட்டாலும் அது தீரும்வரை மேசை விரிக்க மாட்டோம். வெளியூரில் இருக்கிறவர்களும் இதற்காக வந்து சேர்வார்கள். ட்வைலாவும் அப்படித்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தோழியின் காரில் வந்திருந்தாள்.

வருகிற வழியில் எங்கள் கலோனா கடைத்தெருவில் கார் நின்றதாம். சபைப் பெண்மணி ஒருத்தி ஓடிவந்து கட்டிக்கொண்டு, "நீ டீச்சரா வர்றது எங்களுக்கெல்லாம் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!" என்றாளாம். பெற்ற அப்பன் செய்த காரியம் பெண்ணுக்குத் தெரிந்த லட்சணம் இது.

நான் சமையலறைக்குள் நுழைந்தபோது என் தம்பி மனைவி வெர்டா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திருவிருந்து ரொட்டி சுடுவது டீக்கன் மனைவியின் பொறுப்பு. ட்வைலா மேசையருகே ஆறிப்போன காபியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அப்பா கிட்ட பேசினியாடி?" என்றேன்.

"இல்ல அத்தை. நான் வந்ததும் அவர் கொட்டகைக்குப் போயிட்டார். காலையிலயும் நான் எழுந்திருக்கிறதுக்கு முன்னாடியே போயிட்டார்."

"பன்னிங்க நடுவுல ஒளிஞ்சுக்கிட்டா யாரும் கேக்க மாட்டாங்கன்னு நினைப்பு."

"அண்ணி..." என்றாள் வெர்டா மெதுவாக. புருஷனை யாராவது ஏதாவது சொன்னால் அவள் இப்படித்தான் ஒரே ஒரு சொல்லில் அடக்குவாள். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது கல்யாணம் ஆகி. அவன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி நான் கேட்டதே இல்லை.

வெர்டா எட்டாம் வகுப்போடு நின்றவள். அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் அதற்கு மேல் அனுப்ப மாட்டார்கள். ட்வைலா கல்லூரிக்குப் போனதிலிருந்து சனிக்கிழமைதோறும் மாலையில் போன் வரும். மற்ற தாய்மார்கள், சாப்பிட்டியா, தூங்கினியா என்று கேட்பார்கள். இவள், "இந்த வாரம் என்ன பாடம்?" என்று கேட்பாள். போன் வயரை இழுத்துக்கொண்டு சரக்கறைக்குள் போய், மாவு மூட்டை மேல் உட்கார்ந்து கேட்பாள். ஒரு தடவை என்னிடம் வந்து ரகசியமாக, "அண்ணி, இந்த சாக்ரடீஸ் பாவம், இயேசுவுக்கு முன்னாடியே பொறந்து செத்துட்டாரே, அவரு கதி என்ன ஆகும்?" என்று கேட்டாள். எனக்கு யார் சாக்ரடீஸ் என்றே தெரியாது. பிஷப்பைக் கேட்டுப் பாரேன் என்றேன். அவள் உண்மையாகவே கவலைப்பட்டுக்கொண்டு போனாள்.

வாசல் கதவு திறந்தது. ஹார்லன் வந்தான். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவி, மகளுக்கு எதிரே உட்கார்ந்தான். வெர்டா சோளக்களியைத் துண்டு போட்டு வறுத்து, மேலே பாகு ஊற்றி அவன் முன் வைத்தாள். தலை குனிந்து ஜெபம் பண்ணினான். ஆமென் சொன்னபிறகும் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அப்பா" என்றாள் ட்வைலா. "என்னை ஏன் கேக்கலை?"

"கேக்கணும்னுதான் இருந்தேன்."

"எப்போ?"

"நீ வந்தப்புறம்." களியை வெட்டினான். "எல்லாரும் என் முகத்தையே பாத்தாங்கம்மா. பள்ளிக்கூடக் குழுவுக்கு நான்தான் தலைவர். ஆள் இல்ல, பள்ளிக்கூடத்தை மூடிடலாமான்னு பேச்சு வந்துருச்சு. எந்திரிச்சேன், வாயில வந்துருச்சு."

"இன்னும் கொஞ்ச நாள்தான்ப்பா இருக்கு. இப்ப விட்டா பட்டம் கிடைக்காது."

"பட்டம் வாங்கி என்ன பண்ணப் போற? நர்ஸ் படிப்பா, சொல்லு, ஊருக்கு உதவும். இது எல்லாத்துலயும் ஒரு கரண்டி. கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் தவளையை அறுக்கறது. அதுல யார் வயிறு நிறையும்?"

"சபை விருந்துல நீ அப்படித்தானேடா சாப்பிடுற?" என்றேன். "நீளமா மேசை போட்டு, எல்லாத்துலயும் ஒரு கரண்டி. பசியோட திரும்பி வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல."

"அக்கா, நீ சும்மா இரு."

இருந்தேன். அவன் பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து மறுபடி கொட்டகைக்குப் போய்விட்டான். தட்டில் மிச்சம் வைக்கிற பழக்கம் அவனுக்கு இல்லை. அவன் மனசும் சரியில்லை என்று அதிலேயே தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ட்வைலா எழுந்தாள். கொக்கியில் தொங்கிய பழைய கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். முட்டை எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நானும் பின்னாலேயே போனேன். எங்கள் கோழிக்கூண்டு கொட்டகைப் பக்கம் இல்லை என்பது வெர்டாவுக்குத் தெரியும். அவள் மாவைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

கொட்டகையில் ஒரு பன்றி குட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஹார்லன் வைக்கோலில் மண்டியிட்டு, பிறந்த குட்டி ஒன்றைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். ட்வைலா பக்கத்தில் மண்டியிட்டு இன்னொரு துணியை எடுத்தாள். சின்ன வயதிலிருந்து பழகிய வேலைதானே. நான் கதவுக்கு வெளியே நின்றேன். ஒட்டுக் கேட்டேன் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

"நான் வரமாட்டேன்னு சொன்னா உங்களுக்கு என்னப்பா ஆகும்?"

ஹார்லன் குட்டியைத் தாய்க்குப் பக்கத்தில் விட்டான். "டீக்கன் சபையில பொய் சொன்னான்னு ஆகும்" என்றான். "நீ சம்மதிச்சுட்டேன்னு சொல்லிட்டேனே. பொறுப்பை எறக்கி வெச்சுட்டு எல்லார் முன்னாடியும் நின்னு மன்னிப்புக் கேக்கணும். கேக்கலாம்தான். தலை தூக்கி நடக்க முடியாது, அவ்வளவுதான்."

அந்தக் குரலைக் கேட்டு எனக்கே மனசு இளகிவிட்டது. என் தம்பி கெட்டவன் இல்லை. பயந்தவன். நாலு பேர் முன்னால் தலைகுனிவு வந்துவிடுமோ என்று சின்ன வயதிலிருந்தே பயந்து பயந்து வளர்ந்தவன்.

"நீங்க மன்னிப்புக் கேக்க வேண்டாம்ப்பா" என்றாள் ட்வைலா. குரல் உடைந்தது. "நான் வந்துடறேன். மத்தியானம் கூட்டத்துல சமாதானம் இருக்குன்னே சொல்லிடறேன்."

"மனசோடயா சொல்ற?"

"பழகிக்கறேன்."

அவன் அவள் தலையைத் தொடப் போய், கையில் அழுக்கு இருந்ததால் முழங்கையால் தோளை இடித்தான். அவ்வளவு நிம்மதி அவன் முகத்தில். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் தன் இரண்டு வருடத்தைத் தூக்கிக் கொடுக்கிறாள், இவன் பன்றிக்குட்டியை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்கிறான்!

வீட்டுக்குத் திரும்பி ட்வைலா அம்மாவிடம் சொன்னாள். வெர்டா அடுப்பங்கரையில் நின்றபடி கேட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"அப்போ மீதி?" என்றாள்.

"என்ன மீதிம்மா?"

"போன சனிக்கிழமை அந்த ராஜா கதையைச் சொல்லிக்கிட்டு இருந்தியே. மகள்களுக்கு ராஜ்யத்தைப் பிரிச்சுக் குடுத்துட்டு மழையில நிக்கிறாரே. வகுப்பு இன்னும் அதுக்கு மேல போகலை, அடுத்த வாரம் சொல்றேன்னியே. இனிமே எனக்கு யார் சொல்லுவா?"

ட்வைலா அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "புஸ்தகம் இருக்கும்மா. நானே படிச்சுச் சொல்றேன்."

"அது வேற" என்றாள் வெர்டா. "நீ அங்கேருந்து சொல்றது வேற."

அதற்குப் பிறகு ரொட்டியை அடுப்பில் வைத்து, வெந்ததும் இறக்கினாள். முகம் மட்டும் வெளுத்துக்கொண்டே போனது. உடம்பு சரியில்லையோ என்று நான் கையைத் தொட்டுப் பார்த்தேன்.

கூட்டத்துக்குக் கிளம்புகிற நேரம். ஹார்லன் கறுப்புக் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். வெர்டா வெள்ளை வலைத்தொப்பியைத் தலையில் பொருத்தி ஊசி குத்திக்கொண்டு அவன் எதிரே போய் நின்றாள்.

"ஏங்க, உங்ககிட்ட தனியா ஒண்ணு பேசணும்."

"கூட்டம் முடியட்டுமே வெர்டா. நேரமாச்சு."

"கூட்டத்துக்கு முன்னாடி பேசணும்."

"டீக்கனே லேட்டா போனா நல்லாவா இருக்கும்? வா வா, வண்டியில ஏறு." சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

எங்கள் சபையில் ஒரு முறை உண்டு. ஒருவர் மேல் குறை இருந்தால் முதலில் அவரிடம் தனியாகப் போய்ச் சொல்ல வேண்டும். காது கொடுக்காவிட்டால்தான் அடுத்த படி. வெர்டா அந்த முதல் படியில் ஏறி நின்று தட்டினாள். இதை ஊருக்கெல்லாம் உபதேசிக்கிற டீக்கனுக்கே அது கேட்கவில்லை. எனக்கும் அப்போது உறைக்கவில்லை, வண்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன்.

ஆலயத்தில் வழக்கம்போல ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிஷப் எல்டன் ப்ரென்னமன் எழுந்து, மன்னிப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். எங்கள் பிஷப் வான்கோழி வளர்க்கிறவர். அங்கியும் கிரீடமும் கிடையாது. நிதானமான மனுஷன்.

பிறகு சாட்சி ஆரம்பித்தது. ஊழியக்காரர்கள்தான் முதலில். ஹார்லன் எழுந்தான்.

"எனக்குத் தேவனோடும், சபையோடும், என் வீட்டாரோடும் சமாதானம் இருக்கிறது. திருவிருந்தில் பங்குபெற விரும்புகிறேன்." தெளிவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

ஆண்கள் பக்கம் முடிந்து பெண்கள் பக்கம் வந்தது. எங்கள் சபையில் இளசுகள் முன் பெஞ்சுகளில் உட்காருவார்கள். ட்வைலாவின் முறை வந்தது. எழுந்தாள். ஒரு எழுத்துப் பிசகாமல் முழு வாசகத்தையும் சொன்னாள். குரலில் உயிர் இல்லை. ஆனால் சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடக் குழுக்காரர்கள் ஹார்லனைப் பார்த்துத் தலையசைத்தார்கள். இவன் தோள் இறங்கியது.

பிறகு எங்கள் பெஞ்சு. எனக்கு முன்னால் வெர்டா.

அவள் எழுந்தாள். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தேவனோட சமாதானம் இருக்கு" என்றாள். நிறுத்தினாள். "மனுஷரோட இல்லை."

எங்கோ ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆலோசனைக் கூட்டம் பார்த்துவிட்டேன். வேலிச் சண்டை, பங்காளிச் சண்டை எல்லாம் வந்திருக்கிறது. ஒரு டீக்கன் மனைவி எழுந்து இப்படிச் சொல்லி நான் கண்டதும் இல்லை, கேட்டதும் இல்லை.

பிஷப் கண்ணாடியைக் கழற்றினார். "யாரோட, சகோதரி?"

"டீக்கனோட."

பிஷப் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். சபையில் யாருக்குச் சமாதானம் இல்லையோ, அவரைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டுத் தீர்த்து வைக்க வேண்டியது யார்? டீக்கன்தான். அவர் பெண்ணாக இருந்தால், துணைக்கு இன்னொரு சகோதரியும் போக வேண்டும்.

"சகோதரர் ஹார்லன்," என்றார், "உங்க வேலை இது. போய்க் கேளுங்க. சகோதரி ஓர்ஃபா, நீங்க கூடப் போங்க."

பக்கத்து அறையில் மூன்று பேரும் நின்றோம். ஹார்லனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை பேரிடம் கேட்ட அதே வாசகத்தைத்தான் அவனால் சொல்ல முடிந்தது. "சகோதரி, உங்க மனசுல என்ன இருக்கு?"

மனைவியை 'உங்க' என்று சொல்லிவிட்டோம் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"அவ சமாதானம்னு சொன்னது பொய்ங்க" என்றாள் வெர்டா. "உங்களுக்காகச் சொன்ன பொய். நீங்க புதன்கிழமை சொன்னதும் பொய். ரெண்டு பொய்யை வெச்சுக்கிட்டு நாளைக்கு நான் எப்படி அந்த மேசைக்கு வர்றது?"

"வீட்டுல சொல்லியிருக்கலாமே வெர்டா!"

"சொல்ல வந்தேன். வண்டியில ஏறுன்னீங்க."

அவன் என்னைப் பார்த்தான். "ஆமாண்டா" என்றேன். "நான் பாத்தேன்."

சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். காதுவரை சிவந்து போயிருந்தது. அழுகிறானோ என்று நினைத்தேன். "எல்லார் முன்னாடியும் நிக்கணுமே" என்றான் முணுமுணுப்பாக.

"நானும் இப்ப நின்னேங்க" என்றாள் அவள். "செத்துடலை."

அவன் கதவைத் திறந்துகொண்டு போனான். தன் இடத்துக்குப் போகவில்லை. நேராக முன்னால் போய் நின்றான்.

"புதன்கிழமை நான் சொன்னது உண்மை இல்லை" என்றான். "ட்வைலா சம்மதிக்கலை. நான் அவளைக் கேக்கவே இல்லை. சபை என்னை மன்னிக்கணும்." சொல்லும்போதே குரல் கம்மியது. அப்புறம் முன் பெஞ்சைப் பார்த்தான். "ட்வைலா, இப்ப கேக்கறேன். பள்ளிக்கூடத்துக்கு வர்றியா? முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லு. எனக்காகச் சொல்லாதே."

ட்வைலா எழுந்தாள். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "முடியாதுப்பா. நான் படிப்பை முடிக்கணும். முடிச்சப்புறம் கேளுங்க, யோசிச்சுச் சொல்றேன்." பிஷப்பைப் பார்த்து, "நான் முன்னாடி சொன்னது மனசாரச் சொல்லலை. இப்பச் சொல்றேன், எனக்குச் சமாதானம் இருக்கு" என்றாள்.

பள்ளிக்கூடக் குழுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை பிள்ளைகள் வந்தால் கதவைத் திறக்கவே ஆள் கிடையாது. ஆனாலும் அவர்களில் ஒருவர் எழுந்து, "நாங்க மன்னிக்கிறோம் சகோதரரே" என்றார். சபையே ஆமென் சொன்னது. தீர்ந்தது என்று நினைத்து வெர்டாவின் கையைப் பிடித்தேன்.

முறைப்படி பிஷப் கடைசியாக ஒரு தடவை கேட்க வேண்டும். கேட்டார். "சகோதரி வெர்டா, இப்ப உங்களுக்குச் சமாதானமா?"

வெர்டா மறுபடி எழுந்தாள். இந்தத் தடவை எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"என் மகளைக் கேட்டாங்க. அதுக்கு நன்றி" என்றாள். "என்னை இன்னும் யாரும் கேக்கலையே, பிஷப்."

ஹார்லன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தான். இந்த முறை டீக்கனாகக் கேட்கவில்லை. சபையில் இத்தனை பேர் இருப்பதையே மறந்தவனாக, "உன்னை என்னம்மா கேக்கணும்?" என்றான்.

"நான் என்ன ஆசைப்படறேன்னு. கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு நாளும் கேட்டதில்லை நீங்க."

"சொல்லு வெர்டா."

"அந்த ரெண்டு வருஷப் படிப்பு எனக்கு வேணும்" என்றாள். "சரக்கறையில உக்காந்து போன்ல கேட்டுக்கேட்டு ஏங்கி ஏங்கிப் போயிட்டேங்க. ட்வைலா வெளிய வர்ற கதவுல நான் உள்ள போகணும்."